சாரலுக்குப் போட்ட கதவு

அந்தப் பையில கால் படாமப் பாத்துக்கிடுங்க சார். பெரிய சாமான் ஒண்ணும் இல்ல. பிளாஸ்க்குல காபி இருக்கு, பொட்டலத்துல புளியோதரை இருக்கு. அடியில பழைய துணியில சுத்தி ஒரு ஜன்னல் கீலு. மாதிரிக்கு எடுத்துட்டு வந்தது. இதே அளவுல பித்தளையில வாங்கத்தான் ராஜபாளையம் போறேன். தென்காசியில கீலு கிடைக்காதான்னு கேப்பீங்க. கிடைக்கும். எங்க தெரு முக்குலயே இரும்புக்கடை இருக்கு. ஆனா என் தங்கச்சி சொல்லிட்டா, ராஜபாளையத்துக் கீலுதான் நல்லா இருக்கும்னு. இது வேணும் அது வேணும்னு வாய் திறந்து கேக்கிற ஆளில்ல அவ. கேட்டுட்டாளேன்னு கிளம்பிட்டேன்.

நீங்க கல்யாணத்துக்குப் போறீங்க போல. சிவகிரியா? வேட்டியப் பாத்தாலே தெரியுது. பஸ் பூரா பட்டும் பூவுமாத்தான் இருக்கு. இந்தக் கூட்டத்துல எனக்கு ஜன்னலோர சீட்டு எப்படிக் கிடைச்சுதுன்னு நினைக்கீங்க? எங்க எதிர்வீட்டுக்காரன் பிடிச்சுக் கொடுத்தது. குத்தாலிங்கம்னு பேரு. பஸ் டெப்போவுல மெக்கானிக்கா இருந்தவன். விடியக்காலமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து துண்டு போட்டு வச்சிருந்தான். கண்டக்டரைத் தனியாக் கூட்டிட்டுப் போய் என்னமோ சொல்லிட்டும் போனான். அதான் அந்தத் தம்பி என்னைத் திரும்பித் திரும்பிப் பாக்கான். மரியாதை சார். சர்க்கார் உத்தியோகத்துல இருந்த ஆளுன்னு சொல்லியிருப்பான்.

நான் டிராப்ட்ஸ்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன். ஆவுடையப்பன். இந்தப் பக்கம் நீங்க பாக்கிற மதகுல பாதி என் கையில படமாத்தான் முதல்ல வந்தது. கல்யாணம் பண்ணிக்கிடல. பண்ணணும்னு இருந்த சமயத்துல என் தங்கச்சி செண்பகம் வீட்டுக்காரர் தவறிட்டாரு. கட்டிக் கொடுத்து ரெண்டு வருசம்கூட ஆகல, பிள்ளையும் இல்ல. நான் போய்க் கூட்டிட்டு வந்துட்டேன். அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் ராணி மாதிரி வச்சிருக்கேன் சார். காய்கறி நான்தான் வாங்குதேன், அவ வெயில்ல அலைய வேண்டாம். சேலையும் நான்தான் எடுக்கேன், அவ கடை கடையா ஏறி இறங்க வேண்டாம். அவளுக்குன்னு என்ன வேலை? சமையல், துணிமணி, வீடு கூட்டிப் பெருக்குறது, எனக்கு நேரத்துக்குக் காபி. அவ்வளவுதான்.

அவ காபிய நீங்க குடிச்சுப் பாக்கணும். இருங்க, கடையநல்லூர் தாண்டட்டும், மூடியில ஊத்தித் தாரேன்.

அவளுக்கு ஒரு தடவை சம்பந்தம் வந்தது. அப்ப அவளுக்கு முப்பதுக்குள்ளதான் இருக்கும். சித்தப்பா மகன் ஒருத்தன் வந்து, அண்ணே, இன்ன மாதிரி ஒரு வாத்தியார் இருக்காரு, மறுமணத்துக்குச் சம்மதம்னு சொல்லுதாருன்னான். நான் பிடிச்சு ஏசி அனுப்பிட்டேன். என் தங்கச்சிக்கு இங்க என்னடே குறைன்னு கேட்டேன். அவ அடுப்பங்கரை நிலையில சாஞ்சுக்கிட்டு நின்னா. ஒரு வார்த்தை பேசல. அவளுக்கும் அதுதான் எண்ணம்னு எனக்குத் தெரியும். இஷ்டம் இருந்தா சொல்லியிருப்பாள்லா?

சரி, ஜன்னலுக்கு வாரேன்.

எங்க ஊர்ல சீசன் ஆரம்பிச்சா மேகாத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்க வீட்டுத் தெரு ஜன்னல் மேற்கப் பாத்தது. சாரல் நேரா உள்ள வந்து நாற்காலி, பேப்பர், மெத்தை எல்லாத்தையும் நனைச்சிரும். பழைய கதவு ரெண்டும் உளுத்துப்போய் ஒரு நாள் தெருவுல விழுந்துட்டு. புதுசாப் போடணும். நான் படம் போட உக்காந்துட்டேன். இடுக்கே இல்லாத ஒத்தப் பலகை, குறுக்க ரெண்டு சட்டம், உள்ள இரும்புத் தாழ்ப்பாள். மூடினா காத்தும் வராது, கண்ணும் வராது.

செண்பகம் காபி கொண்டாந்து வச்சவ, போகாம நின்னு படத்தைப் பாக்கா. நான் எத்தனையோ பாலத்துக்குப் படம் போட்டிருக்கேன், ஒண்ணையும் அவ எட்டிப் பாத்தது கிடையாது. “அண்ணே, இது வேண்டாமே”ன்னா.

“பெறகு?”

“சாய்ச்சு சாய்ச்சுப் பட்டை வச்சிருப்பாங்கள்லா, அது. நடுவுல குச்சி இருக்கும். இழுத்தாத் திறக்கும், தூக்குனா மூடும்.”

இவ எங்க பாத்தா அதைன்னு எனக்கு ஆச்சரியம். கேட்டா, சீசன்ல துணி காயல, வீடு பூரா பூஞ்சை வாடை அடிக்கி, காத்து வேணும்னா. நியாயம்தான். அலுமினியத்துல கண்ணாடி வச்சுத் தள்ளுற மாதிரி போடுவோமான்னு கேட்டேன். வேண்டாம்னா. மூங்கில் தட்டி தொங்க விடுவோமா? வேண்டாம்னா. பட்டையை அசையாம ஆணியடிச்சிருவோமான்னு கேட்டதுக்கு, அதுக்கும் வேண்டாம்னுட்டா. அசையணும். அதுலயும் மேல் பாதிக்கு ஒரு குச்சி, கீழ்ப் பாதிக்கு ஒரு குச்சின்னு தனித்தனியா அசையணும். எனக்குச் சந்தோஷமாப் போச்சு. எங்க ரத்தத்துலயே அந்த டிசைன் புத்தி இருக்கு பாருங்க. இத்தனை வருசம் அடுப்பங்கரையில கிடந்து மங்கிப் போச்சு.

ஆனா சாய்மானத்தை நான்தான் முடிவு பண்ணுனேன். அதை அவகிட்ட விடல. ஏன்னா எதிர்வீட்டுக்கு அந்தச் சமயம்தான் இந்தக் குத்தாலிங்கம் குடி வந்திருந்தான். பெஞ்சாதி செத்துப் பல வருசமாச்சு, தனி ஆளு. வாசப்படியில உக்காந்து எந்நேரமும் ஒரு மோட்டாரைக் கழட்டிக்கிட்டே இருப்பான். ஒரு பொம்பளப் பிள்ளை இருக்கிற வீடு சார். ஆமா, அம்பது ஆகப் போகுது, இருந்தாலும் எனக்குப் பிள்ளைதான. அதனால அளவெடுத்து, கோடு போட்டு, கோணம் பிடிச்சேன். எங்க வீட்டுத் தரை தெருவை விட உசரம். நான் போட்ட சாய்மானத்துக்குத் தெருவுல எவ்வளவு நெட்டையன் நின்னு எட்டிப் பாத்தாலும் எங்க வீட்டு உத்தரம்தான் தெரியும். உள்ள ஆளு இருக்கா இல்லையான்னே கண்டுபிடிக்க முடியாது. உள்ள இருந்து பாத்தா எல்லாம் தெரியும். தெரு தெரியும், எதிர்வீட்டு வாசப்படி பளிச்சுன்னு தெரியும். மோட்டார்ல எந்த மறை கழண்டிருக்குன்னு வரைக்கும் தெரியும். செண்பகத்துக்குக் கோட்டைக் காட்டி விளக்குனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, “நல்லாப் போட்டிருக்கீங்க அண்ணே”ன்னா. என் வேலையை அவ பாராட்டுனது அன்னைக்குத்தான்.

கலரும் அவதான் சொன்னா. பச்சை. நான் கருப்பு அடிக்கணும்னு இருந்தேன், அழுக்குத் தெரியாது. பச்சைன்னு ஒத்தக் கால்ல நின்னா. சரி போன்னு விட்டுட்டேன்.

கதவு மாட்டி ஒரு வாரம் இருக்கும். எதிர்வீட்டைப் பாத்தா அங்கயும் அதே ஆசாரி. அதே பட்டை, மேலயும் கீழயும் ரெண்டு குச்சி, பச்சைப் பெயிண்டு. எனக்கு வந்த ஆத்திரம் இருக்கே. என் படம் சார் அது. நேரா போய்க் கேட்டுட்டேன். “என்னவே, உம்ம வீட்டு ஜன்னல் கிழக்க பாத்தது. அந்தப் பக்கம் சாரலே அடிக்காது. உமக்கு எதுக்குய்யா சாரல் கதவு?”

அவன் தலையைச் சொறிஞ்சான். “காலை வெயில் கண்ணைக் கூசுது அண்ணாச்சி”ன்னான்.

சீசன்ல தென்காசியில வெயிலு. நீங்களே சொல்லுங்க. சிலருக்குச் சுயமா ஒரு யோசனை வராது, அடுத்தவனைப் பாத்துச் செய்யணும். கதவுல மட்டும் இல்ல, எல்லாத்துலயும் அப்படித்தான் இருந்தான். எங்க ஜன்னல்ல மேல் பாதி திறந்தா கொஞ்ச நேரத்துல அங்கயும் மேல் பாதி திறக்கும். இங்க கீழ்ப் பாதி மூடுனா அங்கயும் மூடும். ஒரு மனுசனுக்கு எப்பக் காத்து வேணும்னுகூடவா அடுத்த வீட்டைப் பாத்து முடிவு பண்ணணும்?

செண்பகம் அந்தக் கதவைப் பாத்துக்கிட்ட மாதிரி எதையும் பாத்துக்கிட்டதில்ல. எப்பத் திறக்கணும், எப்ப மூடணும்னு அவளுக்கு ஒரு கணக்கு. நான் வீட்ல இருந்தா ரெண்டு பாதியும் மூடியிருக்கும். சாயங்காலம் லைப்ரரிக்குப் போறப்ப தெருமுனையில திரும்பிப் பாப்பேன், மேல் பாதி திறந்திருக்கும். நான் வெளியில கால் வச்சாத்தான் சாரல் நிக்குமோ என்னமோ. அவகிட்டக்கூடச் சொன்னேன், “என் ராசியைப் பாரு, நான் கிளம்பினா மழை விட்டுருது.” அவ சிரிச்சா. ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சா சார். அந்தக் கதவு போட்ட பெறகு அவ முகமே தெளிஞ்சு போச்சு. தலையில பூ வச்சா. அடுப்படியில என்னமோ பாட்டை முணுமுணுத்தா. நல்ல காத்தோட்டம் உடம்புக்கு எவ்வளவு முக்கியம் பாருங்க.

ஒரு நாள் மத்தியானம் ஒரு கூத்து நடந்தது. செண்பகம் பின்பக்கம் துணி துவைச்சுக்கிட்டு இருந்தா. எனக்குப் புழுக்கமா இருந்துது. நானே எந்திரிச்சு மேல் பாதிக் குச்சியை இழுத்து விட்டுட்டு வந்து உக்காந்தேன். கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், வாசல்ல செருப்புச் சத்தம். பாத்தா குத்தாலிங்கம் உள்ளயே வந்துட்டான். தலையைப் படிய வாரி, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, கையில ஒரு பை நிறைய மங்குஸ்தான். என்னைப் பாத்ததும் அப்படியே சிலையா நின்னுட்டான்.

“என்னவே?”ன்னேன்.

“கீலு... கீலு கத்துதுன்னு... எண்ணெய் போடலாம்னு வந்தேன் அண்ணாச்சி.”

“எண்ணெய் டப்பா எங்க?”

கையில இருந்த பையைப் பாத்தான். அது அவனுக்கே அப்பத்தான் ஞாபகம் வந்துது போல. பாவம், எண்ணெயை எடுக்கப் போயி பழத்தை எடுத்துட்டு வந்துட்டான். வயசானா எல்லாருக்கும் இந்த மறதி வரும். நான் பழத்தை வாங்கி வச்சுக்கிட்டு, போய் எண்ணெயை எடுத்துட்டு வாரும்னு அனுப்புனேன். வந்தான், போட்டான். ஒரு கீலுக்கு எண்ணெய் போட அவ்வளவு நேரம் எடுக்கிற மெக்கானிக்கை நான் பாத்ததில்ல. செண்பகம் ஈரக் கையோட வந்து எட்டிப் பாத்தவ, ஜன்னல் குச்சியைப் பாத்தா, என்னைப் பாத்தா, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா. அவளுக்கும் இவன் மறதி சிரிப்பாத்தான் இருந்திருக்கும்.

பழம் நல்ல இனிப்பு.

இது நடந்தது ஆனி மாசம். ஆடி பாதியில ஒரு நாள் செண்பகம் சோறு போட்டுக்கிட்டு இருக்கும்போது, “அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்”ன்னா. கேளுன்னேன். கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே நிக்கா. “எதிர்வீட்டுக்காரரைப் பத்தி என்ன நினைக்கீங்க?”

“அவனைப் பத்தி நினைக்க என்ன இருக்கு? டெப்போ ஆளு, நகக்கண்ணுல எண்ணெய். எண்ணெய் போட வந்தா ஜன்னலோட நிக்கணும், அதைத் தாண்டி உள்ள விடக்கூடாது”ன்னேன். மோரை ஊத்துன்னேன்.

மோர் ஊத்துனா. அன்னைக்கு ரெண்டு பாதியும் சாயங்காலம் வரைக்கும் மூடியே இருந்துது, நான் லைப்ரரிக்குப் போன பெறகுகூட. உடம்பு சரியில்லையோ என்னமோன்னு நினைச்சுக்கிட்டேன். அடுத்த நாள் காலையில அவளாவே வந்து சொல்லுதா, “அண்ணே, அந்தக் கீலு ஒண்ணு ஆட்டம் கொடுக்கு. ராஜபாளையத்துல நல்ல பித்தளைக் கீலு கிடைக்குமாம்.”

“நாளைக்கே போறேன்”ன்னேன்.

“ஆடி முடியட்டும்”ன்னா.

“கீலு வாங்குறதுக்கு என்ன ஆடி, என்ன ஆவணி?”

“இல்ல, ஆவணிதான் நல்லது”ன்னு சொல்லி இந்தத் தேதியையும் அவளே குறிச்சுக் கொடுத்தா. பொம்பளைங்களுக்கு எதுலயும் ஒரு சாஸ்திரம் இருக்கும், நான் குறுக்க நிக்கல.

காலையில நான் எந்திரிச்சு வந்தா அவ குளிச்சு முடிச்சு அரக்குப் பட்டு கட்டிக்கிட்டு நிக்கா. டிரங்குப் பெட்டியில கிடந்த சேலை. என்னம்மான்னேன். பூஞ்சை பிடிச்சிரும்ணே, நடுநடுவுல உடுத்திக் காத்தாட விடணும்னா. இலஞ்சி கோவிலுக்கும் போயிட்டு வருவாளாம். போயிட்டு வான்னேன். பெறகு பிடிச்சுக்கிட்டா சார் என்னை. மாவு எந்தச் சட்டியில இருக்கு, ஊறுகாய் எங்க இருக்கு, என் ரத்தக் கொதிப்பு மாத்திரை எந்த டப்பான்னு வரிசையாச் சொல்லுதா. காபிக்கு வந்தா நிறுத்தவே இல்ல. பொடி மூணு கரண்டி, குமிச்சுப் போடக் கூடாது, தலை தட்டிப் போடணும். தண்ணி கொதிச்சு அடங்கினப்புறம் ஊத்தணும். பொடியை அமுக்கக் கூடாது, அமுக்கினா இறங்காது. எனக்கு எதுக்குச் சொல்லுதா இதெல்லாம்? ராத்திரிக்குள்ள நான் திரும்பிரப் போறேன், அவதான் போட்டுத் தரப் போறா. சரி சரின்னு பையைத் தூக்குனேன். தூக்குனதும் கால்ல விழுந்துட்டா. “என்னம்மா, ராஜபாளையத்துக்குத்தான போறேன், காசிக்கா போறேன்?”ன்னேன். கண்ணுல தண்ணி. புகை பட்டிருக்கும். கேஸ் அடுப்புதான், இருந்தாலும்.

பஸ் ஸ்டாண்டுல பாத்தா குத்தாலிங்கமும் புது வேட்டி. நல்லாச் சவரம் பண்ணி, தலைக்கு மை அடிச்சு, காது ஓரத்துல கொஞ்சம் அப்பியிருக்கு. “எங்கவே ஜோரா?”ன்னு கேட்டதுக்கு, “இலஞ்சியில ஒரு கல்யாணம் மச்சான்”ன்னான். பெறகு நாக்கைக் கடிச்சுக்கிட்டு “அண்ணாச்சி”ன்னான். யாரு கல்யாணம்னு கேக்கிறதுக்குள்ள வண்டியை எடுத்துட்டாங்க.

என்ன சார், ஏன் சிரிக்கீங்க? இல்ல, சிரிச்சீங்க. நான் பாத்தேன்.

என்ன கேட்டீங்க? அவளும் இலஞ்சிக்குத்தானான்னா கேட்டீங்க? ஆமா, அதான் சொன்னேன்லா. அவ சும்மா சாமி கும்பிட. இவன் யாரோ ஒருத்தர் கல்யாணத்துக்கு. முகூர்த்த நாளு, கோவில்ல கூட்டமாத்தான் இருக்கும். பட்டுச் சேலையக் காத்தாட...

...

புளியங்குடி போயிட்டா? நல்ல வேகமாத்தான் போறான்.

தம்பி. கண்டக்டர் தம்பி. இங்க வாங்க. அடுத்து வாசுதேவநல்லூர்ல வண்டி நிக்குமா? தென்காசிக்குத் திரும்பிப் போக அங்க பஸ்ஸு... என்ன சொல்லுதீங்க? ராஜபாளையத்துக்கு முன்னால என்னை இறக்கி விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கானா? குத்தாலிங்கம் அண்ணன் சொன்னாராம், கேட்டீங்களா சார். எட்டரை முகூர்த்தமாம். இப்ப மணி என்ன? அப்ப முடிஞ்சிருக்கும். சரி தம்பி, நீங்க போங்க. இறங்குறேன்னு யாரு சொன்னா? சும்மா கேட்டேன்.

ஏன் சார் அப்படிப் பாக்கீங்க? எனக்குத் தெரியாதுன்னா நினைக்கீங்க? எனக்கு எல்லாம் தெரியும். முதல்லயே தெரியும். அந்தச் சாய்மானத்தைப் போட்டதே நான்தான? எங்க ஜன்னல்ல இருந்து கோடு இழுத்தா அது எதிர்வீட்டு வாசப்படியிலதான் போய் முட்டும்னு எனக்குத் தெரியாமலா போட்டேன்? சின்ன வேலையாப் பாத்திருக்கேன் நான்? தெரிஞ்சுதான் எல்லாம் விட்டுப் பிடிச்சேன். உங்களுக்குச் சொல்லணும்னா, இந்தக் கல்யாணமே என் ஏற்பாடுதான்.

அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கேட்டா. சோறு போடும்போது கேட்டாதான். மோர் ஊத்துன்னு சொன்னேன்.

மனசு ஒரு மாதிரியா இருக்கு சார். ஒண்ணும் இல்ல, இருங்க, இந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விடுதேன். காத்து வரட்டும். நல்ல பிள்ளை அவ. அவன் மட்டும் என்ன, மோசமா? பழம் நல்ல பழமா வாங்கத் தெரியும். கீலு விசயத்துலதான் ஒண்ணும் தெரியாது, அவன் வீட்டுக் கதவு ஒரு பக்கமாத் தொங்கிக்கிட்டு இருக்கு, தெருவே பாத்துச் சிரிக்கி. நான் ராஜபாளையத்துல ரெண்டு ஜோடியா வாங்கிரப் போறேன். இனிமே அதுவும் நம்ம வீட்டு ஜன்னல்தான. பக்கத்துல நின்னு நானே மாட்டச் சொல்லணும்.

எதிர்த்தாப்பிலதான இருக்கப் போறா. குச்சியை இழுத்தாப் போதும், அவன் வாசப்படி பளிச்சுன்னு தெரியும்.

இந்தாங்க, மூடியைப் பிடிங்க. காபி இன்னும் சூடாத்தான் இருக்கு. முழுசையும் ஊத்தல, திரும்பி வரும்போதும் எனக்கு வேணும்லா. எப்படி இருக்கு? சொன்னேன்லா.

சார், ஒண்ணு கேக்கணும். காலையில அவ சொன்னதை உங்ககிட்டச் சொன்னேனே, அந்தக் காபி விசயம். மூணு கரண்டி, அது ஞாபகம் இருக்கு. தண்ணி கொதிச்சு அடங்கணும், அதுவும் சரி. பொடியை அமுக்கணும்னு சொன்னாளா, அமுக்கக் கூடாதுன்னு சொன்னாளா?